பெரிய வெள்ளியில் பதில் வராத புலம்பல்

என் அக்காவுக்கு,

நீ போன பிறகு வந்த முதல் பெரிய வெள்ளி இன்று முடிந்தது. கோயிலிலிருந்து மழையில் நனைந்தே வந்தேன். ஈரச் சட்டையோடு உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை யாரிடம் சொல்வது என்று யோசித்தால், உன்னைத் தவிர எனக்கு ஆள் இல்லை.

என் பாடகர் குழுவுக்கு வா, முன்னால் நின்று மைக்கில் பாடு என்று உன்னிடம் எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்! நீ அசையவே இல்லை. பெண்கள் பக்கத்தில், தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு நடுவில்தான் உட்காருவாய். "நீ அங்க ஆரம்பி தம்பி, நா இங்க புடிச்சுக்கிறேன்" என்பாய்.

அப்படித்தான் பிடித்தாய். நான் ஆர்மோனியத்தோடு முதல் வரியை விடுவேன். பதில் வரியை நீ மற்றவர்களுக்கு ஒரு மூச்சு முன்னால் எடுப்பாய். பக்கத்துப் பெண் உன்னோடு சேருவாள். அடுத்த வாங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் சேருவார்கள். கடைசியில் ஆண்கள் பக்கமும் கரகரவென்று வந்து சேரும். தகரக் கூரை அதிரும்போது அதில் உன் குரல் எது என்று எனக்கே தெரியாது.

திருப்பலியில் பாடகர் குழுவுக்கு வேறு என்ன வேலை? சனத்தைப் பாட வைப்பதுதானே? சனத்துக்குப் பாடிக் காட்டுவதா?

புதிய ஃபாதர் வந்த பிறகு நடந்த பங்குச் சபைக் கூட்டம் உனக்கு நினைவிருக்கும். டெரன்ஸ் எழுந்தான். டவுனில் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவன், என்னிடம் படித்தவன். "சார், ஒங்க பாட்டெல்லாம் இழுத்துக்கிட்டே போகுது. நம்ம பூசைய இப்ப வெளிநாட்டுல இருந்து ஃபேஸ்புக்ல பாக்குறாங்க" என்றான். ஃபாதர் சிரித்துக்கொண்டே, "மாஸ்டர் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டுமே" என்றார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

நீ அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "விடு தம்பி, அவங்களும் சாமிக்குத்தானே பாடுறாங்க" என்றாய். அக்கா, அந்த ஒரு வார்த்தைக்காக உன்மீதும் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. நீ பேசியிருந்தால் பெண்கள் பக்கம் முழுவதும் எழுந்திருக்கும். இல்லையா?

பிறகு டெரன்ஸ் பாடகர் குழுவுக்குத் தலைவனானான். பென் டிரைவில் இசை ஓடும், நான்கு பேர் மைக் பிடித்து அதன்மேல் பாடுவார்கள். அவர்கள் வராத நாளில் பாட்டும் சேர்ந்தே பென் டிரைவில் ஓடும்.

உன் அடக்கப் பூசை அப்படியொரு வேலை நாளில் வந்தது. எந்த ஊரிலோ யாரோ ஒருத்தி பாடி வைத்த பாட்டு உன் பெட்டிக்கு மேலே ஒலித்தது. தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது பிள்ளைமடுவத்தில் நீ தூக்கி வளர்த்த பெண்களெல்லாம் கைகட்டிக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மெஷின் பாடும்போது எந்த மனுஷி வாய் திறப்பாள்? உன்னைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பாதையில் இறங்கிய பின்னும், ஆளில்லாத கோயிலுக்குள் அது பாடிக்கொண்டிருந்தது. நிறுத்தக்கூட ஒருவரும் இல்லை.

அன்றிலிருந்து பூசையில் வாய் மூடி உட்கார்ந்திருந்தேன். இன்று மட்டும் திறந்தேன்.

பெரிய வெள்ளியில் வாத்தியம் கூடாதே, அக்கா. அது டெரன்ஸுக்கும் தெரியும். பென் டிரைவ் இல்லாமல் எந்தச் சுருதியில் எடுப்பது என்பதுதான் தெரியவில்லை. சிலுவையை முத்தமிட்டு முத்தி செய்யச் சனம் வரிசையில் நின்றபோது, மாதா புலம்பலை உச்சத்தில் எடுத்துவிட்டான். மூன்றாவது அடியில் நான்கு பேருடைய குரலும் உடைந்தது. கோயில் அப்படியே நின்றுபோனது. ஃபாதர் சிலுவையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். ரெஸ்ட் எடுக்கச் சொன்ன அதே மனிதர்.

நான் எழுந்தேன். நம் சுருதியில், தாழ எடுத்தேன். முதல் வரி முடிந்ததும் பதிலுக்காக விட்டேன்.

வரவில்லை.

பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கச்சேரிக்கு வந்தவர்களைப் போல. இரண்டு மூன்று பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். தகரத்தில் மழைச் சத்தம் மட்டும். இரண்டாவது வரியையும் நானே பாடினேன். கடைசி ஆள் முத்தி செய்து முடிக்கும்வரை நீங்கள் பாட வேண்டியதையெல்லாம் நான் ஒருவனே பாடினேன். தொண்டை எரிந்தது.

வாசலில் மரியாயி பிடித்துக்கொண்டாள். உன் பக்கத்திலேயே உட்கார்ந்து பாடுவாளே, அவள்தான். "சார், என்னா பாட்டு சார்! கண்ணுல தண்ணி வந்துருச்சு."

"நீ ஏன் பாடல?"

"ஐயையோ, நீங்க பாடிக்கிட்டு இருக்கையில நா எப்புடி சார் பாடுறது? நல்லாவா இருக்கும்?"

"அக்கா இருக்கையில பாடுனியே."

"அது அப்ப சார். இப்ப நாங்க பாடுனா மைக் புடிக்கிற அந்தப் புள்ளைங்க சிரிக்குதுங்க."

அதற்குள் டெரன்ஸ் குடையோடு வந்து நின்றான். முகத்தில் ஒரு துளி வெட்கம் இல்லை. "சார், செம! ஒரு நாள் ஸ்டூடியோவுக்கு வாங்க, ரெக்கோர்ட் பண்ணி வச்சிருவோம். வெறும் கொரல்தானே, அடுத்த பெரிய வெள்ளிக்கு அதயே போட்டுக்கலாம். ஒங்களுக்கும் கஷ்டம் இல்ல."

ஏசினால் தொண்டைக்குக் கேடு என்று குடையை விலக்கிவிட்டு நடந்தேன்.

அக்கா, என்னை விரட்டியதுகூடப் பெரிதில்லை. அதே சுருதி, அதே பாட்டு, அதே ஆட்கள். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். இதற்கு என்ன மருந்து இருக்கிறது? நீ இருந்திருந்தால் பிடித்திருப்பாயா? இல்லை, உன்னையும் போனில் படம் பிடித்திருப்பார்களா?

அடுத்த பெரிய வெள்ளிக்கும் போவேன். யார் தடுத்தாலும் முதல் வரியைப் பாடுவேன். அதோடு நிறுத்திக்கொள்வேன். இரண்டாவது வரி அவர்களுடையது. இன்று அதை எடுத்துப் பாடியதுபோல் இனி ஒருபோதும் பாடமாட்டேன். ஃபாதர் முறைக்கட்டும், டெரன்ஸ் நெளியட்டும். அந்த இடம் வெறுமையாகக் கிடப்பதைக் கோயில் முழுக்கக் கேட்கட்டும். யாராவது வாய் திறப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் நின்றுகொண்டே இருப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

நீ பதில் பாடுவாய் என்ற தைரியத்தில் பாட வந்த
உன் தம்பி