பிரமிளா போட்ட இரண்டு

ஜார்ஜ் டவுன்,
திங்கட்கிழமை

அன்புள்ள பிரமிளாவுக்கு,

உன் விரிவுரையாளர் ரமணி எழுதுவது. நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டாய். உன் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அதனால்தான் பாகான் டாலாம் வீட்டுக்கு இந்தக் கடிதம். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர வேலையாமே. வேளைக்குச் சாப்பிடு.

நம் சமூகப் பணித் துறையில் இப்போதும் அதே படிவம்தான். களப்பணியின் முதல் கட்டத்துக்கு முன்பும் பின்பும் மாணவர்கள் தங்கள் தன்னம்பிக்கைக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் போட வேண்டும். முன்பு நான்கு போட்ட நீ பின்பு இரண்டு போட்டாய். படித்தபின் எண் குறையுமா என்று எனக்குக் கோபம். "தைரியம் இல்லாதவங்களுக்கு இந்த வேலை எதுக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். மாற்றிப் போட மறுத்தாய். அறிக்கை அழகாக இருக்க வேண்டுமே, உன் இரண்டை அழித்து நானே நான்கு போட்டேன். நீ பார்த்துவிட்டாய். மறுநாளிலிருந்து வரவில்லை.

எல்லாவற்றுக்கும் ஐந்து போட்ட தனேஷை உனக்குப் பதில் ஜெலுத்தோங் ஃபிளாட்டுக்கு, நீ வியாழன்தோறும் போய்வந்த வடிவம்மாள் வீட்டுக்கு அனுப்பினேன். நடக்க முடியாத அவர் கணவருக்கு அடுத்த வாரமே சக்கர நாற்காலி வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டான். வரவில்லை. அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டார். பையனை நான் திட்டவில்லை. ஐந்து போடப் பழக்கியவள் நான்தானே.

போன வாரம் நானே போனேன். கம்பிக்கதவைத் திறக்காமலே சொன்னார்: "'எனக்குத் தெரியலம்மா, கேட்டுட்டு வரேன்'னு சொல்லும் அந்தப் பொண்ணு. சொன்ன மாதிரி வியாழக்கிழமை வந்து நிக்கும். அத அனுப்புங்க லா." பெரியவருக்கு முதுகில் படுக்கைப்புண்ணாம். தாதியைக்கூட உள்ளே விடவில்லை.

படியிறங்கும்போது வெட்கமாக இருந்தது, பிரமிளா. வேலையின் கனம் தெரிந்துதான் நீ இரண்டு போட்டாய். இருபது வருடம் பாடம் நடத்தியும் எனக்கு அது தெரியவில்லை.

அழித்ததைத் துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டேன். விசாரணை வரும், அது என் பாடு. உன் இடம் அடுத்த பருவம் வரை இருக்கிறது. திரும்புவது உன் விருப்பம். என்னை மன்னிக்கவும் வேண்டாம். வருகிற வியாழன் மட்டும் ஒருமுறை ஜெலுத்தோங் வா. தாதியோடு கீழே மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் காத்திருப்பேன். நீ கூப்பிட்டால்தான் மேலே வருவோம்.

எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மா.

உன்னிடம் தவறு செய்த
ரமணி