அத்தான் எழுதிய பப் பட்டியல்

ஒஸ்லோ, ஐப்பசி 2008

என் அன்பு அத்தான்,

உங்களுக்கு ஒரு புதினமான செய்தி. நீங்கள் மதுவை மனத்தாலும் தொடாதவராம். உங்கள் நினைவு மலரின் நாலாம் பக்கத்தில், பூவேலைக் கட்டத்துக்குள், உங்கள் படத்தின் கீழே அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. அந்த வரியைக் கணினியில் தட்டியவள் நான். ஏழு மாதமாக உங்கள் படத்துக்கு விளக்குக் கொளுத்தும்போது நிமிர்ந்து பார்க்காமல் போவதற்குக் காரணம் அதுதான்.

இந்தக் கடிதத்தை எங்கள் ஆட்களும் வாசிக்க வேண்டும் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என் அக்கா வதனியின் கணவர். ஒஸ்லோவில் பத்தொன்பது வருடம் பேருந்து ஓட்டினீர்கள். மாசி மாதத்தில் ஒரு காலை வேலைக்கு வெளிக்கிட்டவர், ஹவுகெட்டோ ஸ்டேசன் மேடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினீர்கள். பிறகு எழும்பவில்லை. நோர்வேக்கு வரமுதல் இரண்டு வருடம் இங்கிலாந்தில் ஒரு சின்னப் பட்டணத்துப் பப்பில் கிளாஸ் கழுவி, நிலவறையில் பீப்பா உருட்டியிருக்கிறீர்கள். அந்த இரண்டு வருடத்தைப் பற்றித்தான் வாழ்நாள் முழுக்கக் கதைத்தீர்கள்.

கலியாண வீட்டுக்கென்றும் சேலை எடுக்கவென்றும் லண்டன் போகாத ஒஸ்லோத் தமிழ்க் குடும்பம் எது? போகிறவர் எவராக இருந்தாலும் அவர் கையில் இரண்டு பக்கம் திணிப்பீர்கள். பிரதி எடுத்துப் பிரதி எடுத்து மங்கிப்போன உங்கள் கையெழுத்து. போக வேண்டிய பதினொரு பழைய பப்புகள். பெயர் எழுதுவதில்லை, வாசல் பலகையில் கீறியிருக்கிற படத்தைத்தான் எழுதுவீர்கள். ஒற்றைக்கால் கொக்கு, மூன்று சாவி, தொப்பி போட்ட நரி. "பேரை எங்கடை சனம் மறந்துபோகும், படத்தை மறவாது" என்பீர்கள்.

அந்தப் பக்கங்களை இப்போது என் முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். "உள்ளே கால் வைத்ததும் மூக்கால் பாருங்கள். பழைய மரமும் பியரும் மணந்தால் இருங்கள், பொரித்த எண்ணெய் மணந்தால் திரும்புங்கள். சாப்பாட்டு அட்டையில் படம் போட்டிருந்தால் அங்கே சமையல்காரன் இல்லை என்று அர்த்தம். கையால் இழுக்கிற பம்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதில் வருவது ஐஸ் போலக் குளிராது. குளிரவில்லை என்று முறைப்பாடு செய்து எங்கள் மானத்தை வாங்காதீர்கள். நாய் ஒன்று படுத்திருந்தால் நல்ல சகுனம். மேசையில் இருந்துகொண்டு கை தட்டாதீர்கள், எழும்பிப் போய்க் கேளுங்கள். தயவுசெய்து முழுப் போத்தல் கேட்காதீர்கள். மிக்சர் பை கொண்டுபோகாதீர்கள்."

எங்கள் ஆட்கள் முழுப் போத்தலும் கேட்டார்கள், மிக்சர் பையும் கொண்டுபோனார்கள், திரும்பி வந்து "உங்கடை பப்பிலை மரியாதை இல்லை" என்றும் சொன்னார்கள். நீங்கள் அதற்கும் சிரித்தீர்கள்.

பட்டியலின் கடைசி வரி இது: "மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவளைக் கூட்டிக்கொண்டு போக வெட்கமான இடமென்றால் நீங்களும் போகாதீர்கள்."

ஒஸ்லோ நகர நடுவில் இங்கிலாந்து பப் என்று ஒன்றைத் திறந்த புதிதில் எங்களையும் அழைத்துப் போனீர்கள், ஞாபகமா? சுவர் நிறையப் பழைய புத்தகம். ஆசையாக ஒன்றை இழுத்தீர்கள், வரவில்லை. எல்லாவற்றையும் பலகையோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பாதிக் கிளாசை அப்படியே வைத்துவிட்டு எழும்பினீர்கள். எங்கள் ரிக்கோ மளிகைக் கடையில் மீன் நாறினால் முகம் போகுமே, அன்று உங்கள் முகம் அப்படித்தான் போனது. "வாசிக்க ஏலாத புத்தகத்தை ஏன் வைச்சிருக்கிறாங்கள்?" என்று ட்ராமில் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தீர்கள்.

ஆனால் உங்களுக்கு அதைவிட அருவருப்பான இடம் ஒன்று இருந்தது. அது எங்கள் மண்டபங்களின் கார் நிறுத்துமிடம். உள்ளே தாலி கட்டு நடக்கும். வெளியே உறைபனியில் பத்துக் கார்களின் பின்கதவு திறந்திருக்கும். கடதாசிக் கோப்பையில் விஸ்கி, ஒரே மூச்சில் ஊற்றி, கோப்பையைப் பனிக்குள் மிதித்துப் புதைத்து, வாயில் ஏலக்காய் போட்டுக்கொண்டு உள்ளே வந்து ஐயருக்கு முன்னால் கை கூப்புவார்கள். "களவெடுத்த சாமானைத் தின்னுற மாதிரிக் குடிக்கிறாங்கள்" என்று நீங்கள் ஒருநாளும் அந்தப் பக்கம் போனதில்லை. வருடத்தில் ஒரு கிழமை, லண்டன் போகும்போது, வெளிச்சத்தில், கதிரையில் இருந்து, ஒரு கிளாஸ். அவ்வளவுதான் உங்கள் குடி.

இனி உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

நீங்கள் போன எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, உங்களுக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்துப் படைத்தோம். நண்டுக் குழம்பு, கணவாய்ப் பொரியல், அக்கா வைத்த மரவள்ளிக் கறி. லில்லெஸ்ட்ரோமில் இருந்து வந்த உங்கள் அண்ணர் தன் கையால் ஒரு விஸ்கிப் போத்தலின் மூடியை உடைத்து, கிளாசில் ஊற்றி, வாழையிலையின் வலப்பக்கம் வைத்தார். "தம்பி விரும்பிக் குடிக்கிறது" என்றார். விஸ்கி, அத்தான். மணந்தாலே தும்மல் வரும் என்று நீங்கள் விலக்கிய விஸ்கி. கூடப் பிறந்தவருக்கு அதுகூடத் தெரியவில்லை. தேவாரம் முடிந்த கையோடு மிச்சப் போத்தல் ஒரு ஜாக்கெட்டுக்குள் ஏறி, கார்ப் பக்கம் போய்விட்டது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்கிற நினைவு மலர் போடுவதென்று முடிவானது. பாமினி எழுத்தில் தட்டச்சுச் செய்யத் தெரிந்தவள் நான் என்பதால் வேலை என் தலையில். முதியோர் இல்லத்தில் பகல் வேலை முடித்துவந்து அக்காவின் குசினி மேசையில் கணினியை வைத்துக்கொண்டு இருப்பேன். தேவாரங்கள், வாழ்க்கை வரலாறு, நன்றி நவிலல். நடுவில் உங்கள் பட்டியலை இரண்டு பக்கமாகப் போட்டிருந்தேன். நீங்கள் வாழ்நாளில் எழுதியது அது ஒன்றுதானே?

உங்கள் அண்ணர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"உதை எடு பிள்ளை."

"ஏன் அண்ணை?"

"செத்த மனிசன்ரை கல்வெட்டிலை தவறணைக்கு வழி சொல்லுறதோ? கனடாவிலை இருந்தும் சனம் வாசிக்கும். என்ன கதைக்கும்?"

"அத்தான் எழுதினதுதானே அண்ணை. ஒளிச்சுக் குடிச்சவரில்லையே."

"அதுதான் பிழை. ஒளிச்சிருக்க வேணும்." கொஞ்சம் யோசித்தார். "எடுத்துப்போட்டு அந்த இடத்திலை ஒரு வரி போடு. மதுவை மனத்தாலும் தொடாதவர் எண்டு. பாக்க வடிவா இருக்கும்."

எட்டாம் நாள் விஸ்கி ஊற்றிய அதே கை, அந்த வரியை என் தாளில் எழுதித் தந்தது. உள்ளறையில் அக்கா படுத்திருந்தாள். கதவு பாதி திறந்துதான் இருந்தது. நான் எழும்பிப் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. களைப்பு என்று சொல்லலாம், பெரியவருக்கு எதிர் கதைக்கக் கூடாது என்று வளர்ந்தவள் என்று சொல்லலாம். இரண்டும் சாட்டு. இரண்டு பக்கத்தை அழித்தேன், ஒரு வரியைத் தட்டினேன். அச்சகத்துக்கு அனுப்பினேன்.

முப்பத்தோராம் நாள் மலரை எல்லோரும் கண்ணில் ஒற்றி வாங்கினார்கள். பிறகு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கார்ப் பக்கம் போனார்கள். பாத்திரம் எடுக்க வெளியே போன நான் என் கண்ணால் கண்டேன். ஒருவர் மலரைக் காரின் கூரையில் வைத்து, அதற்கு மேல் கோப்பையை வைத்திருந்தார். அவரில் வந்த அருவருப்பு பெரிதா, என்னில் வந்தது பெரிதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஆடியில் லண்டனில் ஒரு கலியாணம். அக்காவைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனேன். உங்கள் பட்டியல் என் கைப்பையில். பிழை செய்தவள் பரிகாரம் செய்கிற மாதிரி, மூன்று இடத்துக்காவது போய்ப் பார்ப்பதென்று நினைத்திருந்தேன்.

கொக்குப் படம் போட்ட இடத்தைப் பற்றி என்ன சொல்ல? கதவைத் திறந்ததும் பொரித்த எண்ணெய். சுவருக்குச் சுவர் தொலைக்காட்சி, எட்டிலும் ஒரே பந்தாட்டம். நிலம் செருப்பைப் பிடித்து இழுத்தது. சாப்பாட்டு அட்டை முழுக்கப் படம். உங்கள் சொல்லைக் கேளாமல், பை என்று அவர்கள் சொல்கிற இறைச்சி அடை ஒன்று கேட்டேன். மேல்மா வாயைச் சுட்டது, உள்ளே இறைச்சி ஐஸ்கட்டி. மேசை துடைத்த துணியாலேயே கரண்டியையும் துடைத்துத் தந்தார்கள். முதியோர் இல்லத்தில் எதையெல்லாமோ கழுவிய நானே அந்தக் கரண்டியைத் தொடாமல் தள்ளி வைத்தேன். சென்ற வருடத்தில் இருந்து அங்கேயும் உள்ளே புகைக்கத் தடை. நீங்கள் மகிழ்ந்திருப்பீர்கள். ஆனால் புகை போனபிறகு, அது இவ்வளவு நாளும் மறைத்துவைத்திருந்த கழிவறை மணம் வெளியே வந்துவிட்டது.

மூன்று சாவி இப்போது பப்பே இல்லை. அடுக்கு வீடாக்கிவிட்டார்கள். பலகையை மட்டும் வாசலில் அழகுக்கு விட்டிருக்கிறார்கள். நான்கூட உங்கள் படத்தை வைத்துக்கொண்டு உள்ளே இருந்தவரை வெளியேற்றியவள்தானே? அதற்கு மேல் அந்த வாசலில் நிற்க முடியவில்லை.

நரியைத் தேடிப் போகும்போது மழை. எனக்கு ஆசையே விட்டுப்போயிருந்தது. ஆனால் கதவைத் திறந்ததும் மரம் மணந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் கிழட்டு நாய் ஒன்று படுத்திருந்தது. நான் பட்டியலை எடுத்து எதைக் கேட்பது என்று பார்க்க முதல், அக்கா நேரே கல்லாப் பக்கம் போய்விட்டாள். ஒஸ்லோவில் கடைக்குப் போனாலும் என்னை முன்னால் விட்டுப் பின்னால் நிற்கிற அக்கா.

கல்லாவில் நின்ற நரைத்த மனுசி அக்காவைக் கண்டதும் கேளாமலே ஒரு அரைக் கிளாசை எடுத்துப் பம்பை இழுக்கத் தொடங்கினார். "பேருந்துக்காரர் எங்கே, காரை நிறுத்துகிறாரா?" என்று கேட்டார். அக்கா நிதானமான ஆங்கிலத்தில், நீங்கள் இறந்துபோனீர்கள் என்று சொன்னாள். மனுசி பம்பை விட்டுவிட்டு, சுற்றிவந்து, எங்கள் மேசையில் இருந்தார். பிறகு, "என் கழிவறை ஊத்தை என்று பக்கம் பக்கமாகக் கடிதம் போட்ட ஒரே மனிதர். வெட்கத்தில் முழுவதையும் புதுப்பித்தேன்" என்றார். அக்கா சிரித்தாள், அத்தான். மாசிக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

மனுசி எழும்பிப் போனபிறகு நான் கேட்டேன். "அக்கா, நீயும் குடிக்கிறனியோ?"

"வருசத்துக்கு ஒருக்கா. இந்தக் கதிரையிலை. அவர் அங்கை, நான் இஞ்சை."

"எனக்குச் சொல்லேல்லையே."

"நீ கேட்டனியோ?" அக்கா கிளாசைக் கீழே வைத்தாள். "அவர் குடியாதவர் எண்டு அச்சடிச்சியள். அப்ப, பதினெட்டு வருசம் அவருக்கு முன்னாலை இருந்தவள் ஆர்? அவருக்கு மட்டும் வெள்ளையடிச்சதெண்டு நினைச்சியோ? என்னையும் சேர்த்துத்தான் அழிச்சனியள்."

"அண்ணை சொன்னவர் அக்கா…"

"அண்ணை சொல்லுவார். அவருக்கு ஊர் வேணும். நீ என்ரை தங்கச்சி. கதவு திறந்துதானே கிடந்தது, கௌரி."

அக்கா பட்டியலை என் கையில் இருந்து வாங்கி, கடைசி வரியில் விரல் வைத்தாள். மங்கிய பிரதியில் இத்தனை வருடமும் நான் கவனிக்காதது அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்த வரி உங்கள் கையெழுத்து இல்லை. "அவர் எழுத வெட்கப்பட்டவர். நான்தான் எழுதினனான்" என்றாள். மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று எங்கள் ஆண்கள் எல்லோருக்கும் சொன்னவள் என் அக்கா. அவள் எழுதிய ஒரு வரியையும் சேர்த்துத்தான் நான் அழித்திருக்கிறேன்.

ஆகவே அத்தான், இந்த முறை அக்காவைக் கேட்டுவிட்டேன். மாசியில் உங்கள் முதல் வருட ஆட்டைத் திவசம் வருகிறது. அதே அளவுத் தாளில், அதே பாமினி எழுத்தில், உங்கள் பட்டியலை முழுதாகத் தட்டி முடித்திருக்கிறேன். இரண்டு திருத்தம் மட்டும் செய்தேன். கொக்கு: போகாதீர்கள், வயிறு கெடும். மூன்று சாவி: இப்போது இல்லை. நாலாம் பக்கத்து வரி பொய் என்றும், அதைத் தட்டியவள் நான் என்றும் என் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறேன். முகப்பில் எழுதியவர்கள் என்று இரண்டு பெயர், உங்களுடையதும் வதனியுடையதும். முதல் பிரதியை உங்கள் அண்ணரின் கையில் நானே கொடுப்பேன், மண்டபத்துக்குள், எல்லோரும் பார்க்க.

நரிக்காரி தந்த பியர்ப் போத்தல் ஒன்று அக்காவின் அலுமாரியில் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவில்லை, பயப்படாதீர்கள். அன்றைக்குப் படையலில் இலைக்கு வலப்பக்கம் உங்களுக்கு ஒரு முழுக் கிளாஸ் இருக்கும். அதற்கு முன்னால் ஒரு கதிரை போடுவேன். அக்கா அதில் தன் அரைக் கிளாசோடு இருப்பாள். கதவுகள் எல்லாம் திறந்திருக்கும்.

இனிக் கேட்காமல் எதையும் அழிக்கமாட்டேன் என்ற உறுதியுடன்,
வதனியின் தங்கை, உங்கள் மச்சாள்
கௌரி