நாற்பத்தோராம் பக்கம்

மார்ச் 3

அன்பு மகளுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் தையல் மெஷினும் சுகம். எங்கள் மூவரில் மெஷினுக்குத்தான் முழங்கால் வலி இல்லை.

நீ சபை நூலகத்துக்குக் கொடுத்த புத்தகத்தால் இங்கே ரகளை. எழுதியவர் உயிர்த்தெழுதலையே நம்பாதவராமே! நேற்று கமிட்டியில் உன் அப்பன்தான் எழுந்து நின்று நாற்பத்தோராம் பக்கத்தை வாசித்தேன். 'காலியான கல்லறை என்பது துக்கத்தில் பிறந்த கதை' என்று அச்சிலேயே இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இவ்வளவு கணீர்க் குரலா என்று எனக்கே ஆச்சரியம். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் புத்தகத்தை எடுத்துவிடுவார்கள்.

கோபித்துக்கொள்ளாதே கண்ணு. லீவுக்கு வருகிறாய்தானே? அம்மா உன் அறையை ஒட்டடை அடித்துவிட்டாள்.

அப்பா

மார்ச் 9

அன்புள்ள அப்பா,

நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் திருப்பினீர்களா? மறுத்துப் பேசுகிறவர்களை முதலில் முழுசாகப் பேசவிட்டு, பிறகு பதில் சொல்வதுதான் அந்த எழுத்தாளரின் வழக்கம். நீங்கள் வாசித்தது எதிராளியின் பேச்சு. தண்டனை மட்டும் இவருக்கு! போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்காக எழுதிய புத்தகம் அப்பா அது.

அது வெளியே போனால் நானும் அந்தச் சபைப் படி ஏறமாட்டேன். லீவுக்கு விடுதியிலேயே இருந்துகொள்கிறேன்.

கோபத்தோடும் அன்போடும்,
மகள்

மார்ச் 24

என் கோபக்கார மகளுக்கு,

புத்தகத்தைக் கடைக்கு எடுத்துவந்து முழுவதும் படித்துவிட்டேன். இரண்டு ஜாக்கெட் தாமதம். "சட்டையை உள்பக்கம் திருப்பிப் பாத்துட்டு கலர் சரியில்லன்னு சொன்ன ஆளு நீங்க" என்கிறாள் உன் அம்மா.

ஆனால் ஒன்பதாம் அதிகாரத்தைப் பற்றி நீ மூச்சே விடவில்லையே? எதிரி நாட்டுக்காரர்களின் ஜெபம் ஆண்டவர் காதில் ஏறாது என்று எழுதியிருக்கிறார். இதற்கும் மறுபக்கத்தில் பதில் இருக்கும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

கமிட்டியில் மறுபடி எழுந்து, நாற்பத்திரண்டாம் பக்கம், ஒன்பதாம் அதிகாரம் இரண்டையும் சொன்னேன். போதகர் கேட்டார்: "அண்ணே, அப்போ போன தடவை யாரைத் திட்டுனீங்க?"

"ஆள் மாறிப்போச்சுங்க ஐயா."

சிரிப்பு அடங்கியதும் செயலாளர் விடவில்லை. "அவரு நல்லவரா கெட்டவரா? ஒண்ணு சொல்லுங்க."

"ஒரு பக்கம் படிச்சப்போ டக்குனு சொன்னேன். முழுசா படிச்சப்புறம் வாய் வரமாட்டேங்குது."

போதகர் முடிவு: புத்தகம் இருக்கட்டும், நீ ஒரு ஞாயிறு வந்து பேசவேண்டும். ஒன்பதாம் அதிகாரத்தை விடக் கூடாது. வருவாயா?

அப்பா

ஏப்ரல் 2

அன்புள்ள அப்பா,

அந்த அதிகாரத்தைப் படித்திருக்கிறேன். கல்லூரியில் அவரைப் பற்றி எழுதிய கட்டுரையில் அதைத் தாண்டிப் போய்விட்டேன். அவர் மேல் அவ்வளவு பிரியம்.

அதை எழுதிய மாதம் அவர் மகன் போர்முனையில் இறந்திருந்தான். அதைச் சொல்வேன். அதனால் எழுதியது சரி என்று சொல்லமாட்டேன்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் முன்வரிசையில் உட்காரவேண்டும். முதல் பாதியிலேயே தலையாட்டிவிடாதீர்கள்.

உங்கள் மகள்