தந்தித் தீவுக்கு ஒரு பிராது

விருத்தாசலம்
9.3.2025

கடலுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன என் மாமாவுக்கு,

அஞ்சாங்கிளாஸ் தாண்டாத உங்கள் கொளஞ்சி எழுதுகிறேன். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்கலாம், என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. நான் இன்னும் கொஞ்சம் குண்டாகியிருக்கிறேன். நீங்கள் எப்படி என்று வேப்பூர் அன்புச்செல்வன்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் படகு ஆபீஸிலிருந்து போன் பண்ணினான். "அக்கா, கலியமூர்த்தி அண்ணன் போனு கடல்ல வுழுந்துடுச்சாம். வேற வாங்க மாட்டேங்குறாரு. அந்தத் தீவுல டவரும் கெடையாது. கடுதாசி போடுங்க, படகு போறப்ப குடுக்குறேன்" என்றான்.

கம்பெனியில் பக்கத்தில் உட்காருகிற சிவசங்கரி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். கல்யாணத்துக்கு முந்தி எனக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுக்காத ஆளுக்கு, இந்த வயதில் லவ் லெட்டர் கேட்கிறதாம். நான் பீங்கான் செட்டியார் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பில் செட்டியாருக்கு ஒன்றரைக் கண் ஆகிவிட்டது.

அந்தத் தீவில் அப்படி என்னதான் இருக்குது? கூரை போன பழைய தந்தி ஆபீஸாம், அதைப் பார்க்க ஊரிலிருந்தெல்லாம் டிக்கெட் வாங்கி வருகிறார்களாம். நம்ம கம்பெனியிலும் இடிந்த சூளை ஒன்று இருக்குதே, டிக்கெட் போடலாமா என்று முதலாளியைக் கேட்டேன். வேலையைப் பாரு என்றார்.

ஆடியில் நம்ம வளவனுக்கு மூன்றாம் வருசப் படையல். நீங்கள் கப்பல் ஏறினதிலிருந்து ரெண்டு படையலும் நான் ஒண்டியாகப் போட்டேன். இந்த வருசம் பெத்தவர் கையால் இலை போட வேண்டும். வந்துவிடுங்கள்.

உங்கள் வம்புக்காரி,
கொளஞ்சி


தந்தித் தீவு, ஓமன்
2.4.2025

அன்புள்ள கொளஞ்சிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் இருக்கிறேன்.

இது தீவு என்று சொல்வதற்கில்லை, ஒரு பாறை. சுற்றிலும் மொட்டை மலை, நடுவில் அசையாத தண்ணீர். நூற்றி அறுபது வருசத்துக்கு முன்னால் கராச்சியிலிருந்து கடலுக்கு அடியில் கம்பி போட்டு இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரக் குமாஸ்தாக்கள் இந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து, கம்பியில் வரும் சத்தத்தைக் கேட்டு, அடுத்த ஊருக்குத் தட்டி அனுப்புவார்களாம். வெயில் தாங்காமல் சில வருசத்திலேயே மூடிவிட்டுப் போய்விட்டார்கள். டூரிஸ்டுகள் வருவார்கள், போட்டோ எடுப்பார்கள், அரைமணி நேரத்தில் போய்விடுவார்கள். நான் கைகொடுத்துப் படியேற்றுவேன். படிக்கட்டு வேலை நடப்பதால் சிமெண்டு மூட்டைக்குக் காவலாகக் கூடாரத்தில் தங்கியிருக்கிறேன். நானே கேட்டு வாங்கின வேலை.

மண்ணில் ஒரு பீங்கான் குமிழ் கிடைத்தது. நான் நம் ஊரில் வார்த்த கரண்டுக் கம்பி இன்சுலேட்டர் மாதிரியே இருக்கிறது.

படையலுக்கு என்னால் வர முடியாது. பிளேன் திருச்சியில் இறங்கும். பஸ் வேப்பூர் வழியாகத்தான் வரும். வளவன் வண்டி போய் மோதின லாரி நின்ற அந்த இடத்தை நான் பார்க்க மாட்டேன்.

கலியமூர்த்தி


விருத்தாசலம்
24.4.2025

பாறைக்கு மாப்பிள்ளையான மாமாவுக்கு,

விருத்தாசலம் ஜங்ஷன் என்று ஒன்று இருக்குது, ஞாபகம் இருக்குதா? திருச்சியில் ரயில் ஏறினால் நேரே இங்கே இறங்கலாம். வேப்பூர் கண்ணிலேயே படாது. இதைச் சொல்ல ஒரு பெண்டாட்டி வேண்டியிருக்குது.

உங்கள் குமாஸ்தாக்கள் வந்த சேதிக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் தட்டினார்கள். நான் ஒரு பக்கம் எழுதினால் நீங்கள் கால் பக்கம் எழுதுகிறீர்கள். "நான் இருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லாமலா பேனா பிடித்தீர்கள்?

அன்பு ஒன்று சொன்னான். கடிகாரத்தைச் சமையல்காரர் ஆதிநாராயணனுக்குக் கொடுத்துவிட்டீர்களாம். கம்பளியை யாருக்கோ கொடுத்துவிட்டீர்களாம். லீவு எழுதித் தருகிறோம், போயிட்டு வாங்க என்றாலும் வேண்டாம் என்கிறீர்களாம். கடிகாரம் இல்லாமல் எந்த வேளைக்கு எதைச் சாப்பிடுகிறீர்கள்? சிரித்துக்கொண்டேதான் கேட்கிறேன். பதில் சொல்லுங்கள்.

கொளஞ்சி


தந்தித் தீவு
18.5.2025

கொளஞ்சிக்கு,

வெயில் ஏறிவிட்டது. டூரிஸ்டுகள் இல்லை. வாரத்துக்கு ஒரு படகு தண்ணீர் கொண்டுவருகிறது.

என் சைக்கிளைச் சிவசங்கரி மகனுக்குக் கொடுத்துவிடு. சும்மா நின்று துருப்பிடிக்கிறது. வளவன் சட்டைகளையும் இனி வைத்திருக்க வேண்டாம்.

படகுக்காரன் டூரிஸ்டுகளுக்கு ஒரு கதை சொல்வான். நெசமோ பொய்யோ தெரியாது. குமாஸ்தா ஒருத்தன், கம்பியில் சத்தம் வராதபோதும் சத்தம் கேட்கிறது என்று காதைப் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போனானாம். திரும்பி ஏறவில்லையாம். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு அவனைப் புரிகிறது. எனக்கும் கேட்கிறது, வளவன் வண்டி வாசலில் வந்து நிற்கிற சத்தம். சாயங்காலமானால் கடைசிப் படியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். தண்ணீர் காலைத் தொடும்.

நீ நல்லவள். இனி எழுதிக் கஷ்டப்படாதே.

கலியமூர்த்தி


விருத்தாசலம்
7.6.2025

மாமா,

இதைத் தபாலில் போடவில்லை. சிவசங்கரி போனில் படம் பிடித்து அனுப்புகிறாள். அன்பு அதைக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு இன்றே படகு ஏறுகிறான். வந்தவன் போக மாட்டான். உங்கள் கூடாரத்திலேயே படுப்பான். திட்டினாலும் படுப்பான். நான்தான் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டேன்.

இன்றைக்குக் காலையில் உங்கள் கடிதம் வந்தது. கையெல்லாம் களிமண்ணோடு ஆட்டோ பிடித்து மணவாளநல்லூர் போனேன். கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதுகிறவர், "யார் மேலம்மா?" என்றார்.

"எம் புருசன் மேல."

"எந்த ஊரு?"

"ஓமன்ல ஒரு பாறை."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எதிராளி ஊருக்கு எவ்ளோ தூரம்னு பாத்துத்தாம்மா சாமிக்கு வழிச்செலவு கட்டணும். கடலுக்கு எப்படிக் கணக்கு போடுறது?"

பூக்கட்டுகிற ஆராயி குறுக்கே வந்தாள். "ஐயா, சாமிக்கு மயில் இருக்குது. நீங்க எழுதுங்க."

நான் சிரித்தேன் மாமா. சிரித்துக்கொண்டே அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிராதில் என்ன எழுதச் சொன்னேன் தெரியுமா? 'எதிராளி என் மகனை ஒண்டியாக அழுகிறார். எனக்கும் அவன் மகன். என் பங்கு அழுகையை எதிராளி தூக்கிக்கொண்டு போய்விட்டார். திருப்பி வாங்கித் தர வேண்டும்.' சுருட்டி வேலில் கட்டிவிட்டு வந்தேன்.

கட்டின பிராதை வாபஸ் வாங்காமல் விட்டால் ரெண்டு பேருக்கும் ஆகாது. எதிராளியும் வந்து பக்கத்தில் நின்றால்தான் வாபஸ். அதுதான் சட்டம். வேண்டுமென்றால் கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் விளையாட்டுப் பேச்சு பேசுகிறவள் என்றுதானே நினைத்தீர்கள்? அவன் போன நாளிலிருந்து எனக்கும் அந்த வண்டிச் சத்தம் கேட்குது. நெதம் கதவைத் திறந்து பார்க்கிறேன். அந்தச் சத்தத்தைக் கேட்கிற இன்னொரு ஆள் உலகத்தில் நீ ஒருத்தன்தான். நீயும் போய்விட்டால் நான் யாரிடம் கேட்பேன், உனக்கும் கேட்டுச்சா என்று?

படியை விட்டு எழுந்திரு. மேலே ஏறு. வந்துடு மாமா.

கொளஞ்சி


கசப் துறைமுகம், ஓமன்
11.6.2025

கொளஞ்சி,

அன்பு ரெண்டு நாள் என் கையை விடவில்லை. இப்போது கரையில் அவன் அறையில் இருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு தூங்குகிறான். அவனுடைய போனில்தான் இதைப் படமெடுத்து அனுப்பப் போகிறேன். பேசலாம் என்றான். உன் குரலைக் கேட்டால் எழுத வந்தது மறந்துவிடும்.

நான் அந்தக் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் விற்று வளர்ந்தவன். பிராது கட்டினவர் ஒருத்தர் வந்தாலே வாபஸ் கொடுத்துவிடுவார்கள். எதிராளி வந்து நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. சாமி பேரை வைத்துக்கொண்டு சாமி மேலேயே பொய் சொல்லியிருக்கிறாய்.

முப்பது வருசத்தில் இப்போதுதான் என்னை நீ என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கேட்டது, கொளஞ்சி. எனக்கும் தினமும் கேட்டது.

லீவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ரயில் வேண்டாம். பஸ்ஸிலேயே வருகிறேன். நீ வேப்பூர் கூட்டுரோட்டுக்கு வந்து நில். அந்த இடத்தில் நான் ஒண்டியாக இறங்க மாட்டேன்.

சைக்கிளைக் கொடுத்துவிட்டாயா? கொடுக்காதே.

உன் எதிராளி,
கலியமூர்த்தி