மொழிபெயர்ப்பில் விட்ட ஊர்

ஏப்ரல் 3, புதன்

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர். எலெக்ட்ரீஷியன் போனை எடுக்கவில்லை. ஏதாவது ஒரு கட்சிக்கு மைக் கட்டப் போயிருப்பான்.

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, கவினுக்கு ஜாமெட்ரி பாக்ஸ், சிவப்புப் பேனா.

மூன்றாவது பீரியட் நடுவில் பள்ளித் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். (இனி தா. என்றே எழுதுகிறேன்.) பள்ளிக்கூடம் ஒரு கை, கட்சியில் மாவட்டப் பொறுப்பு இன்னொரு கை.

"டீச்சர், வெள்ளிக்கிழமை வடக்கேருந்து நம்ம தலைவர் வாராரு. ஹிந்திலதான் பேசுவாரு. சென்னைலருந்து வாரேன்னு சொன்ன மொழிபெயர்ப்பாளர் கையை விரிச்சிட்டாரு. அறந்தாங்கில ஒங்களை விட்டா யாரு இருக்கா?"

"எனக்கு மேடையெல்லாம் பழக்கமில்லைங்க சார்."

"கிளாஸ்ல பேசுறதுதானே. முன்னாடி ஆளு கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான்."

சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. அதற்குள் அவர் "ரொம்ப சந்தோசம்" என்றுவிட்டார். என் பிள்ளைகள் பிரதீபா, கவின் இரண்டு பேருக்கும் இங்கே பாதிக் கட்டணம். அதை அவர் ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகப்படுத்த வேண்டிய அவசியமும் இல்லை.

அப்பா நாக்பூரில் ரயில்வேயில் இருந்ததால் வந்த ஹிந்தி. இத்தனை வருடம் ஹிந்தி டீச்சராகச் சோறு போட்டது.

ஸ்டாஃப் ரூமில் ஜமீலா. கணக்கு டீச்சர், ஆறு வருடமாக என் பக்கத்து நாற்காலி. நோன்பு, மதியம் மேஜையில் தலை சாய்த்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "போயிட்டு வாங்க டீச்சர். யாரு பேசுனா என்ன, தமிழ் ஒங்களோடதா இருக்கும்ல."

ஏப்ரல் 6, சனி

நேற்று எழுத முடியவில்லை. 

மைதானம் நிறைய ஆள். மேடையில் ஏர் கூலர், அதன் காற்று எனக்கு வரவில்லை. கையில் நான்கு தாள் குறிப்பு: பயிர்க் காப்பீடு, ரயில் பாதை, ராணுவத்துக்குப் புதுத் தளவாடம், எல்லைப் பாதுகாப்பு. இரண்டு நாள் படித்து வைத்திருந்தேன். முதல் பத்து நிமிடம் நன்றாகப் போனது. கைதட்டல்கூட.

பிறகு தலைவர் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டார். எதிர்க்கட்சி வேட்பாளர் முந்தாநாள் பேசியதற்குப் பதில். "எல்லையில் நிலம் போச்சு, கடல்ல மீனவன் போனான், இவங்களா நாட்டைக் காப்பாத்துறவங்க" என்று அவர் கேட்டிருந்தார். அதில் தலைவருக்குச் சூடு ஏறியிருந்தது. அந்தச் சூட்டில் சொன்னார்: ஆபத்து எல்லையில் மட்டும் இல்லை, இங்கேயும் இருக்கிறது; இந்தக் கடற்கரையில் ஒரு ஊரில் எதிரிக்கு விளக்குக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் ஓட்டு யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். ஊர்ப் பெயரையும் சொன்னார். நாக்கில் புரளாமல், "கோட்டாபட்னம்."

கோட்டைப்பட்டினம், ஜமீலாவின் ஊர்.

மைக் என் கைக்கு வந்துவிட்டது. யோசித்துச் செய்தேன் என்று எழுதினால் பொய். வாய் தானாகவே சொன்னது: "நம்ம கடற்கரையில எதிரிக்கு விளக்குக் காட்டுறவங்க இருக்காங்க. அவங்க ஓட்டு யாருக்குன்னு நமக்குத் தெரியும்." ஊர்ப் பெயரை விட்டுவிட்டேன். மற்ற எல்லாம் சொல்லிவிட்டேன்.

விசில். கோஷம். கீழே இறங்கியதும் தா. ஒரு சால்வை போர்த்தினார். "கலக்கிட்டீங்க டீச்சர்."

இன்று காலை வாட்ஸாப்பில் வீடியோ. அரை நிமிடம்கூட இருக்காது. தலைவரின் தோள் மட்டும் ஓரத்தில். நடுவில் நான். அவருடைய ஹிந்தி கோஷத்தில் அமுங்கிக் கேட்கவே இல்லை. என் குரல்தான் கணீரென்று. மேலே எழுத்து: "கடற்கரை மக்களைத் துரோகி என்று சொன்ன பெண் யார்?"

என் வீட்டுக்காரர், இவர், தன் உரக்கடையிலிருந்து போன் செய்தார். "ஒன்னைத்தான் போட்டுப் போட்டுப் பாத்துக்கிட்டு இருக்கானுங்க." கோபமா என்று தெரியவில்லை. கடையில் ஆள் இருந்ததால் அதற்கு மேல் பேசவில்லை.

ஜமீலா இன்று வரவில்லை. கடற்கரைப் பக்கம் மறியல், பஸ் ஓடவில்லையாம். சாதி, மதம் என்று பார்க்காமல் எல்லாத் தெருக்காரர்களும் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்களாம். பெயரை விட்டதால் கரை முழுவதும் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டது.

போன் செய்தேன். எடுக்கவில்லை. நோன்பு நேரம், தூங்கியிருப்பாள் என்று எனக்கு நானே.

ஏப்ரல் 7, ஞாயிறு

எலெக்ட்ரீஷியன் வந்தான். கெப்பாசிட்டர் போயிருந்தது. வேலை முடியும் வரை என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பதினொரு மணிக்கு எதிர்க்கட்சியிலிருந்து மூன்று பேர். ஒரு அம்மா கவுன்சிலர், மற்ற இருவரும் ஆண்கள். திட்ட வந்திருக்கிறார்கள் என்று கதவைப் பாதிதான் திறந்தேன். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார்கள்.

"ஒங்க மேல தப்பில்லைக்கா. அந்த ஆளு சொன்னதைத்தானே சொன்னீங்க. அதை மட்டும் எங்க மேடையில வந்து ஒரு வார்த்தை சொல்லிருங்க. அப்புறம் ஒங்களை யாரு தொடுறான்னு பாத்துக்கிறோம்."

"அவர் சொன்னதை நான் அப்படியே சொல்லலைங்க. அவர் ஒரு ஊரோட பேரைச் சொன்னாரு. நான்தான் விட்டுட்டேன்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதெல்லாம் வேணாம்க்கா. இப்ப கரை பூரா கோவத்துல இருக்கு. ஒரே ஒரு ஊரைத்தான் சொன்னாருன்னு ஆச்சுன்னா மத்த ஊரெல்லாம் நமக்கென்னன்னு போயிரும். வீடியோல இருக்கிறதே போதும்."

டீச்சர் வேலையில் இருக்கிறேன், மேடைக்கு வர முடியாது என்றேன். அந்த மேடையில் மட்டும் எப்படி ஏறினீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். 

ஆப்பிளை என்ன செய்வது. கவின் ஒன்றைக் கடித்துவிட்டான்.

ஏப்ரல் 8, திங்கள்

ஸ்டாஃப் ரூமில் ஜமீலாவின் பை ஜன்னலோர மேஜையில். என் பக்கத்து நாற்காலி காலி.  எல்லோரும் சத்தமாக வெயிலைப் பற்றிப் பேசினார்கள்.

பிரேயர் முடிந்ததும் தா. அறை. ஏசி குளிர்.

"தேர்தல் அதிகாரிகிட்டருந்து நோட்டீஸ் வந்திருச்சு டீச்சர். தலைவர் அப்படிச் சொல்லவே இல்ல, மொழிபெயர்ப்புல ஏற்பட்ட தப்புன்னு கட்சி பதில் குடுத்திருச்சு. நீங்க அதையே ஒரு வீடியோல சொல்லிட்டீங்கன்னா பிரச்சினை முடிஞ்சிரும்."

"அவர் சொன்னாருங்க சார். நீங்க பக்கத்துலதான் ஒக்காந்திருந்தீங்க."

"எனக்கு ஹிந்தி தெரியாதுல்ல டீச்சர்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. உண்மையிலேயே அவருக்கு ஹிந்தி தெரியாது.

"ஒங்களுக்கு என்ன நட்டம்? தப்பு எல்லாரும் பண்றதுதான். புதன்கிழமைக்குள்ள எடுத்துருவோம். பிரதீபா அடுத்த வருசம் பத்தாவதுல்ல?"

ஆமாம் என்றேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு. ஜமீலா தூணோரம் நின்றிருந்தாள். போய்ப் பக்கத்தில் நின்றேன்.  அவள்தான் முதலில் கேட்டாள்.

"அது அவரு சொன்னதா, நீங்களாச் சேத்ததா டீச்சர்?"

"அவர் சொன்னதுதான். இன்னும் மோசமாச் சொன்னாரு ஜமீலா. ஒங்க ஊர்ப் பேரைச் சொன்னாரு. நான் அதை மட்டும் விட்டுட்டேன்."

ஒரு நன்றியை எதிர்பார்த்தேன். இங்கேயாவது அதை ஒத்துக்கொள்கிறேன்.

"ஏன் விட்டீங்க?"

"ஒங்களை நினைச்சுத்தான்."

"சொல்லியிருக்கணும். எங்க ஊரைச் சொன்னாருன்னு தெரிஞ்சிருந்தா நாங்க எந்திரிச்சுக் கேட்டிருப்போம், கேஸ் போட்டிருப்போம். இப்ப யாரைக் கேக்குறது? சொன்னவரு பிளேன் ஏறிப் போயிட்டாரு. நீங்க மாட்டிக்கிட்டீங்க." பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "எங்க வாப்பா ராத்திரிதான் கடலுக்குப் போவாரு. படகுல லைட்டு இல்லாம எப்படிப் போறது, நீங்களே சொல்லுங்க."

பஸ் வந்துவிட்டது. ஏறினாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

விடுமுறை. தெலுங்கு வருடப் பிறப்பாம். துணி துவைத்தது. மாவு அரைத்தது. போர்வை இரண்டு மாடியில்.

தெருவில் காலையிலிருந்து இரண்டு பிரச்சார வண்டி. ஒன்று "நாடு பாதுகாப்பாக இருக்க" என்று போகிறது. பின்னாலேயே மற்றது "யாரிடமிருந்து பாதுகாப்பு? இதோ கேளுங்கள்" என்று என் குரலைப் போடுகிறது. நம்ம கடற்கரையில எதிரிக்கு... நம்ம கடற்கரையில எதிரிக்கு... ஜன்னலை மூடினேன். புழுக்கம். திறந்தேன். மறுபடி வந்தது. மூடினேன்.

தேர்தல் புகார் எண்ணுக்கு அழைத்துப் பார்த்தேன். ஒரு பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "இது நீங்க குடுக்கிற புகாரா மேடம், இல்ல ஒங்க மேல வந்த புகாரா?" யோசித்தேன். தெரியவில்லை. வைத்துவிட்டேன்.

மதியம் இவர் சாப்பிட வந்தார். ரசத்தைப் பிசைந்துகொண்டே:

"சொல்லிட்டு வந்திரு. ஒரு நிமிசப் பேச்சு. தேர்தல் முடிஞ்சா ஒருத்தனுக்கும் ஞாபகம் இருக்காது."

"பொய்யில்ல சொல்லணும்."

"உண்மையைச் சொன்னா மட்டும் மாலை போடப் போறானா? கடற்கரைப் பக்கம் கட்டுமாவடிக்காரரு ஒருத்தரு, எத்தனையோ வருசமா நம்மகிட்ட வாங்குறவரு, நேத்து வண்டியை நிறுத்தாமப் போயிட்டாரு. தப்பாச் சொல்லிட்டேன்னு நீ சொன்னா அவரும் திரும்பி வருவாரு."

அதுவும் சரிதான். இதுதான் கொடுமை. எல்லோர் பேச்சிலும் ஒரு சரி இருக்கிறது.

எழுதிப் பார்த்தால் தெளியும் என்று:
வீடியோ கொடுத்தால் — வேலை இருக்கும். பிள்ளைகள் படிப்பு இருக்கும். சொன்னவர் சொல்லாதவர் ஆகிவிடுவார். ஜமீலா?
அந்த மேடை ஏறினால் — வேலை போகும். அவர்களுக்கும் வேண்டியது உண்மை இல்லை.
சும்மா இருந்தால் — இரண்டு வண்டியும் தெருவில்.

தெளியவில்லை.

பிரதீபா கேட்டாள், "அம்மா, அவரு நெஜமாவே சொன்னாரா?" சொன்னார் என்றேன். "அப்ப நீ ஏன் தப்புப் பண்ணவ மாதிரி இருக்க?" பூரிக்கு மாவு பிசையச் சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 10, புதன்

வெயில். பள்ளியில் குடிதண்ணீர் கேன் தீர்ந்துவிட்டது, பிள்ளைகள் வரிசையில்.

மதியம் தா. அறை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். கட்சியின் ஐ.டி. பையன் ஸ்டாண்டில் போன் மாட்டிக்கொண்டிருந்தான். சொல்ல வேண்டியதைத் தா. வாயாலேயே சொல்லிக் கொடுத்தார். "சாதாரணமாப் பேசுங்க டீச்சர், படிக்கிற மாதிரி இருக்கக் கூடாது."

காலையில் கிளம்பும்போது சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். இவரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

பையன் கை காட்டினான்.

"அன்னைக்கு மேடையில நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

இது வரை அவர்கள் சொல்லிக் கொடுத்தது. தா. தலையாட்டினார். அடுத்த வரி, "தலைவர் சொல்லாததை நான் சேர்த்துச் சொல்லிட்டேன்" என்று. வரவில்லை. பஸ் ஜன்னலில் அந்தத் திரும்பாத தலை. வேறு ஒன்று வந்தது.

"தலைவர் சொன்னதை நான் முழுசாச் சொல்லல. அவர் கோட்டைப்பட்டினம்னு பேர் சொல்லித்தான் அந்தப் பழியைப் போட்டாரு. பேரை மறைச்சது நான். பழியைப் போட்டது நான் இல்ல."

 பையன் போனையும் தா.வையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அழிச்சிரு தம்பி," என்றார் தா. குரலை உயர்த்தவில்லை. "நீங்க வீட்டுக்குப் போங்க டீச்சர். கூப்பிடுறப்ப வந்தாப் போதும்."

பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயம்.

டிபன் பாக்ஸை எடுக்க ஸ்டாஃப் ரூம் போனேன். ஜமீலா ஏழாவது நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். சொல்லியிருக்கலாம். ஐந்தாறு பேர் இருந்தார்கள். வந்துவிட்டேன்.

இவரிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஒரு மணி நேரம் கழித்துத் தக்காளி வாங்கிக்கொண்டு வந்தார். "கெவர்மென்ட் ஸ்கூல்ல இடம் இருக்கும்ல?" அவ்வளவுதான் கேட்டார்.

ஏப்ரல் 11, வியாழன்

ரம்ஜான் பெருநாள். விடுமுறை. பள்ளிவாசலிலிருந்து காலையிலேயே தக்பீர் ஓதும் சத்தம்.

ஏழரைக்கு வாட்ஸாப். நேற்றுத் தா. அறை. திரை, என் நீலப் புடவை, என் முகம்.

"அன்னைக்கு மேடையில நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

அத்தோடு முடிந்துவிட்டது. அழிக்கவில்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டார்கள். கீழே: "உண்மை வென்றது. மொழிபெயர்ப்பாளர் ஒப்புதல்."

எட்டு மணிக்கு எதிர்க்கட்சி வண்டியும் அதையே போட்டுக்கொண்டு வந்தது. "மிரட்டிப் பணியவைக்கப்பட்ட சகோதரி" என்று. இரண்டு கட்சிக்கும் அந்த ஒரு வரி போதுமாக இருக்கிறது. இவர் கடைக்குப் போகும்போது தெருமுனையில் யாரோ கை குலுக்கினார்களாம், நல்ல முடிவு என்று. இவர் கையை உதறவும் இல்லையாம். போனில் சொன்னார்.

நான் இனி என்ன பேசினாலும் முதல் வரியோடு வெட்டிவிடலாம். என் வாயை வைத்தே என்னை மூடியாயிற்று. காபி ஆறிப்போனது, அப்படியே கொட்டினேன்.

வேலையில் இருக்கிறேனா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. தா. போன் இல்லை.

ஒன்பது மணி. போன் அதிர்ந்தது. எடுக்கக் கூடாது என்றுதான் கவிழ்த்து வைத்திருந்தேன். ஜமீலாவிடமிருந்து மெசேஜ்.

"வீடியோ பாத்தேன் டீச்சர். அதுக்கு அடுத்த வரி என்ன?"

மூன்று தடவை படித்தேன்.

மெசேஜில் எழுதினால் அதையும் வெட்டலாம். போனில் சொன்னால் அதையும். நேரில் போனால், பெருநாளன்று அந்த ஊரில் நான் இறங்குவதை எவனாவது படம் எடுப்பான், அதற்கும் ஒரு வண்டி வரும்.

பிரதீபாவிடம் சாதம் வைக்கச் சொல்லியாயிற்று. பத்து மணிக்குக் கோட்டைப்பட்டினம் பஸ்.