அன்றைக்கு வந்தது சாமி இல்லை

14 ஆகஸ்ட் 2023, திங்கள்

இடது கண் இன்னும் மூட மாட்டேன் என்கிறது. படுக்கும்போது இமையை இழுத்து பிளாஸ்டர் போட்டு ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் பிரித்தால் இமை முடியும் சேர்ந்து வருகிறது. வாய் கொப்பளித்தால் தண்ணீர் இடது ஓரம் வழியாகச் சட்டையில் ஒழுகுகிறது. நாற்பத்தொரு வயசில் கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு கஞ்சி குடிக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று நாள் ஆகிறது. மறதி கொஞ்ச காலம் இருக்கும், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள் என்றார் டாக்டர் மெலிண்டா. சரி, எழுதுகிறேன். பெயர் தேவன். ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். இப்போது டாக்டர் கொடுத்த எம்.சி. லீவில் வீட்டில் கிடக்கிறேன். இன்றைக்கு வீட்டுச் சாவியை ஒரு மணி நேரம் தேடினேன். அரிசி டின்னுக்குள் இருந்தது. எவன் வைத்தான்? நான்தான். இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

எச்.ஐ.வி. அதையும் எழுதியாச்சு. அது மட்டும் மறந்து தொலைக்க மாட்டேன் என்கிறது.

15 ஆகஸ்ட்

டாக்டர் சொன்னதை ஞாபகம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

அந்தக் கிருமி ரத்தத்தில் கலந்த ஒரு வாரம் பத்து நாளிலேயே மூளையைச் சுற்றியுள்ள தண்ணீர் வரைக்கும் போய்விடுமாம். பல பேருக்குச் சும்மா காய்ச்சல், தொண்டை வலியோடு போய்விடும். என்னைப் போல் சில பேருக்கு மட்டும் முதல் மாதத்திலேயே மூளை வீங்கும், முக நரம்பு விழும், புத்தி தடுமாறும். நான் கேட்டேன், மூளைக்குப் போக பத்து வருசம் ஆகும் என்று சொல்வார்களே? அது மருந்து சாப்பிடாதவர்களுக்குக் கடைசியில் வருவது அண்ணே, இது ஆரம்பத்தில் வருவது, மருந்தை விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும் என்றார்.

முதலில் எடுத்த டெஸ்டில் ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. உடம்பு இன்னும் எதிர்ப்பைக் காட்ட ஆரம்பிக்கவில்லையாம். டெங்கியா என்றார்கள், டி.பி.யா என்றார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். இரண்டாவது டெஸ்டில்தான் பிடிபட்டது.

எப்போது வாங்கினேன் என்று தெரியும். ஜூன் கடைசி. யாரிடம் என்று எழுத மாட்டேன். என் உடம்பு, என் விவகாரம்.

18 ஆகஸ்ட், வெள்ளி

பேனா காகிதத்தைக் கிழிக்கிறது. நரம்பினால் இல்லை, ஆத்திரத்தால்.

உடையப்பன் அண்ணன் வந்தார். பத்து காஜா ஊர் பக்கம் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்தில் மிச்சமிருக்கும் ஒரே கட்டடம் முனியாண்டி கோயில். அதற்கு அவர்தான் தலைவர். நாங்கள் குடியிருந்த லயத்தை இடித்து, ரப்பரை வெட்டி, எண்ணெய்க்குச் செம்பனை போட்டு எத்தனையோ வருசமாச்சு. ஆடித் திருவிழாவுக்கு மட்டும் ஈப்போவிலிருந்தும் காம்பாரிலிருந்தும் எல்லோரும் வந்து கூடுவோம். இந்த வருசம் ஜூலை 23. எனக்கு நாலு நாளாகக் காய்ச்சல். இருந்தும் போனேன். போனது ஞாபகம் இருக்கிறது. உருமி அடித்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்தது ஆஸ்பத்திரிக் கட்டில்தான்.

அண்ணன் சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, என் காலைத் தொட்டார். எனக்கு மூத்தவர்! பதறிப்போய் காலை இழுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்கு வா தேவா, சனங்க குறி கேக்கக் காத்திருக்காங்க என்றார். என்ன குறி? திருவிழா அன்றைக்கு எடுத்த ஏழு நிமிட வீடியோவைப் போனில் போட்டுக் காட்டினார்.

நான்தான். சட்டை இல்லை, கழுத்தில் மாலை. வாய் ஒரு பக்கம் இழுத்து எச்சில் வழிகிறது. மூஞ்சிக்கு நேராகக் கற்பூரத்தைப் பிடிக்கிறார்கள். இடது கண் இமைக்கவே இல்லை.

"மனுசக் கண்ணா தேவா அது? சாமிக் கண்ணுலா," என்றார் அண்ணன்.

செத்த நரம்புய்யா அது! நாற்பது டிகிரி காய்ச்சலில் நிற்கிறவன் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். வாயில் விஸ்கி. பற்ற வைத்த சுருட்டை விழுந்துபோன வாயில் செருகியிருக்கிறார்கள். அது நழுவி நெஞ்சில் விழுந்து சுடுகிறது, நான் அசையவில்லை. கூட்டம் கும்பிடுகிறது. நெஞ்சில் இருக்கும் புண் எப்படி வந்தது என்று மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஒருத்தனுக்கும் ஆம்புலன்சைக் கூப்பிடத் தோணல. அத்தன பேர்ல ஒருத்தனுக்குக்கூட!

இது போதாது என்று என் அக்கா விமலா, மகள் ஷாமினியை இழுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். அவளுக்கு செப்டம்பரில் நிச்சயம். மாப்பிள்ளை காம்பார் பையன், தனேஷ். கட்டலாமா சாமி என்று கேட்கிறாள். நான், இந்த வாய், சொல்கிறது: "வேணாம். அவன கட்டுனா ரெத்தம்."

அப்புறம் அக்கா தலையில் கை வைத்து ஷர்வினைப் பற்றிச் சொல்கிறேன். "புள்ளைக்கு வலிக்கல. தூங்கிட்டான்." அக்கா மண்ணில் விழுந்து அழுகிறாள். வீடியோ அங்கே முடிகிறது.

நிச்சயத்தை நிறுத்திவிட்டார்களாம். அதையும் உடையப்பன் அண்ணன் பெருமையாகத்தான் சொன்னார்.

ஷர்வின் அக்காவின் மகன். இரண்டு வருசத்துக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் போய் லாரியில் மாட்டிக்கொண்டான். ஆஸ்பத்திரியில் கடைசி ஒரு மணி நேரம் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். அக்கா வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அவனுக்கு வலித்தது. ரொம்ப வலித்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

20 ஆகஸ்ட்

அக்காவுக்குப் போன் போட்டேன். அன்றைக்கு எனக்கு மூளைக் காய்ச்சல், என்ன பேசினேன் என்றே தெரியாது, நிச்சயத்தை நிறுத்தாதே என்றேன். உனக்குத் தெரியாதுதான், பேசினது நீ இல்லையே என்கிறாள். இவளிடம் என்னத்தைப் பேசுவது?

ஷாமினி ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினாள். "மாமா, தனேஷ் மேல உங்களுக்கு என்ன கோவம்?"

21 ஆகஸ்ட்

மாத்திரை சாப்பிட்டேனா இல்லையா? டப்பாவை எண்ணிப் பார்த்தேன். சாப்பிட்டிருக்கிறேன்.

29 ஆகஸ்ட்

மூளைக் காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் நம்ப மாட்டார்கள். எதனால் வந்தது என்று சொல்ல வேண்டும். சொன்னால் நான் காலி. சொல்லாவிட்டால் அந்தப் பெண் வாழ்க்கை காலி. அக்கா பெற்ற பிள்ளை, என் வாயால் கெட வேண்டுமா? ச்சீ.

3 செப்டம்பர், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பத்து காஜாவில் அக்கா வீடு. அக்கா, ஷாமினி, பஞ்சாயத்துக்கு அக்காவே கூப்பிட்டு வைத்திருந்த உடையப்பன் அண்ணன். கிருமி என்றேன், மூளை வீக்கம் என்றேன். நரம்பு படத்தைக்கூட வரைந்து காட்டினேன். ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் வருகிறது, எல்லோருமா குறி சொல்கிறார்கள் என்று கேட்டார் அண்ணன். அப்படி என்ன கிருமி என்றாள் அக்கா.

"எச்.ஐ.விக்கா. அன்னிக்கு என் தலைக்குள்ள இருந்தது அதுதான். சாமி இல்ல."

அண்ணன் தன் கையைப் பார்த்தார். என் காலைத் தொட்ட கை. எழுந்து பின்கட்டுக்குப் போய் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். எனக்குக் கேட்டது. ஷாமினி எனக்காக ஊற்றிய தேத்தண்ணியை அக்கா வாங்கிக்கொண்டு உள்ளே போய், பேப்பர் கப்பில் மாற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

குடிக்காமல் வந்துவிட்டேன்.

4 செப்டம்பர்

அண்ணன் போன். கொஞ்ச நாளைக்குக் கோயில் பக்கம் வர வேணாம் தேவா, சுத்தம் பாக்குற எடம் என்கிறார்.

கிருமி மூளைக்குள் கூத்தடித்தபோது நான் சாமி. மாத்திரை போட்டு அது அடங்கிக் கிடக்கும்போது நான் தீட்டு. போங்கடா! நல்லா இருங்கடா! நீங்க ஊத்துன விஸ்கிய விட இந்த மாத்திரைக்கு மரியாதை ஜாஸ்தி. அத்தனை பேர் விழுந்தீங்களே, ஒருத்தனாவது நெத்திய தொட்டு பாத்தீங்களா, சுடுதான்னு?

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. சரிண்ணே என்று வைத்துவிட்டேன். அதுதான் இன்னும் எரிச்சல்.

24 செப்டம்பர்

ஷாமினியும் தனேஷும் வந்தார்கள். பையன் எல்லாம் படித்துவிட்டு வந்திருக்கிறான். மருந்து சரியாகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் யாருக்கும் ஒட்டாதுலா மாமா என்று எனக்கே பாடம் எடுத்தான். கூடத்தில் உட்கார்ந்து என் தட்டிலேயே மீ கோரிங் நூடுல்ஸ் சாப்பிட்டான். இவனையா வேண்டாம் என்றேன்?

அம்மா வாயால் சரி என்று சொல்லாமல் கட்ட மாட்டேன் என்கிறாள் ஷாமினி. அக்கா என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது.

14 அக்டோபர், சனி

அக்கா வந்தாள். தனியாக, பஸ் பிடித்து. டிபன் கேரியரில் நெத்திலி சம்பலும் சோறும்.

வருவாள் என்று எதிர்பார்க்கவில்லை. வந்தால் கேட்பதற்கென்று நாற்பது நாளாகச் சேர்த்து வைத்திருந்தேன். அந்த பேப்பர் கப்பிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று வாயைத் திறந்தபோது அவளே பேசிவிட்டாள். ஷாமினி விசயத்தில் நீ பேசினது காய்ச்சல்தான் என்று வைத்துக்கொள்கிறேன், தீபாவளி கழித்துக் கல்யாணத்தைப் பதிவு பண்ணச் சொல்லிவிட்டேன் என்றாள். அப்பாடா என்று இருந்தது. அதோடு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. முந்தானை முனையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"தேவா. அப்ப ஷர்வினப் பத்தி சொன்னது?"

நான் கேரியர் மூடியைத் திறக்கப் போனேன்.

"வலிக்கலன்னு சொன்னியே. அன்னிக்குத்தாண்டா ரெண்டு வருசம் கழிச்சு தூங்குனேன். அதுவும் காய்ச்சலா?"

காய்ச்சல்தான். ஒரே வாய், ஒரே மூளை, ஒரே கிருமி. ஏழு நிமிடத்தில் பாதி பொய், பாதி மட்டும் உண்மையாக இருக்குமா? இரண்டு மாதமாக இதைத்தானே கத்திக்கொண்டிருக்கிறேன். இதைச் சொல்லத்தானே கோயில், மரியாதை, சொந்தம் எல்லாவற்றையும் விட்டேன். ஷர்வின் கை என் கையை நெரித்தது இன்னும் விரலில் இருக்கிறது. எத்தனையோ மறந்து போச்சு, அது மட்டும் போகல.

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா," என்றேன். "அது சாமி சொன்னது. அத நான் சொல்லல."

தலையாட்டினாள். அழவில்லை. சாப்பிடு, ஆறிப்போகுது என்றாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, கேரியரைக் கழுவி, கையோடு எடுத்துக்கொண்டு போனாள். நான் தொட்ட பாத்திரம், அதை என்னிடமே விட்டுவிட்டுப் போவாள் என்று நினைத்திருந்தேன்.

2 நவம்பர்

ரத்தத்தில் கிருமி தெரியவில்லை. டாக்டர் மெலிண்டா காகிதத்தைக் காட்டினார். அடுத்த வாரம் வேலைக்குப் போகலாம். ஃபோர்க்லிஃப்டுக்கு இன்னும் ஒரு மாதம் பொறுக்க வேண்டுமாம்.

20 நவம்பர், திங்கள்

ஈப்போவில் பதிவு. கண் இப்போது முக்கால்வாசி மூடுகிறது. உடையப்பன் அண்ணனும் வந்திருந்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றார். நானும் போய்ப் பேசவில்லை. அவர் மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

சாட்சிக் கையெழுத்து யார் என்று அதிகாரி கேட்டார். தேவா போடுவான் என்றாள் அக்கா. போட்டேன்.

இடது கண்ணில் தண்ணீர் வந்தது. என்ன மாமா என்றாள் ஷாமினி. நரம்புதான் என்று சொல்லிவிட்டேன்.