குடைக்குப் போட்ட ஓட்டு

2.1.1989, வெள்ளிமலை

தடுப்பூசி மருந்து இன்றும் வரவில்லை. பத்து மணிவரை பனி விலகவில்லை. வந்த இரண்டு பேரும் இருமலுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மதியம் வேடியப்பன் வந்தார். சட்டசபைத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறாராம்.

"குடை சின்னம் கேட்டுக்கிறேன் நர்சம்மா. ஜெயிக்க மாட்டேன், தெரியும். மலையில நாங்களும் இருக்கோம்னு அவுங்க எண்ணிப் பாக்கணும்ல?"

நான் அரசாங்க நர்ஸ். தலையாட்டக்கூடக் கூடாது.

ஐப்பசியில் அவர் மனைவி தைலம்மாளைப் போர்வையில் தூளி கட்டி, மூங்கிலில் மாட்டித் தூக்கி வந்தார்கள். பிள்ளை பிறந்தும் ரத்தம் நிற்கவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் போய்விட்டிருந்தது. வேறு வண்டி கிடைப்பதற்குள் என் மடியிலேயே அடங்கிவிட்டாள். அவர் என்னைத் திட்டவில்லை. "ஒரு வண்டி ஏம்மா இல்ல?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் இப்போது ஓட்டு கேட்கிறார்.

8.1.1989, ஊர்

லீவில் அடிவாரத்துக்கு வந்தேன். வீடு முழுக்கத் தேர்தலில் நிற்கிற வக்கீலின் நோட்டீஸ். என் கணவர் ஆதிமூலம் அவருக்காக வேலை செய்கிறார்!

எண்பத்தேழில் இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிச் சங்கம் சாலை மறியல் நடத்தியபோது இதே வக்கீல்தான், "ரோட்டுல படுத்தா வேலை வந்துருமா?" என்று மேடையில் சிரித்தார். அந்த ரோட்டில் படுத்து ஜெயிலுக்குப் போனவர் என் கணவர். வழக்கு இன்னும் முடியவில்லை. இவரைக் காட்டிக்கொடுத்தது ரைஸ்மில் பச்சமுத்து. அரசு சாட்சிகளும் மில்லில் வேலை செய்கிற இரண்டு பேர்தான். இப்போது பச்சமுத்தும் நிற்கிறார்.

"சங்கம் யாருக்கும் ஓட்டு போடாதேன்னுதானே சொல்லுது?" என்றேன்.

"போடாம வூட்டுல குந்திக்கினா மில்லுக்காரன் வந்துருவான். வக்கீலு யோக்கியன் இல்ல. ஆனா ஜெயிச்சா கேச வாபஸ் வாங்க வெக்கிறேன்னு சொல்லிக்கிறாரு. வேற இன்னா வழி, சொல்லு?"



15.1.1989

மாட்டுப் பொங்கல். கொம்புக்கு வர்ணம் பூசும்போதும் ஓட்டுப் பேச்சுதான். இவர் தெருவில் போனவர்களிடமெல்லாம், "எங்க வூட்டு ரெண்டு ஓட்டும் வக்கீலுக்குத்தான்" என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேடியப்பனும் இதே தொகுதியில் நிற்பதைச் சொன்னேன். "நல்ல ஆளுதான். அவருக்குப் போட்றது மில்லுக்காரனுக்குப் போட்றது மாதிரி" என்றார். அப்படியா? குடையில் குத்தினால் அது எப்படி மில்லுக்குப் போகும்? கணக்கு புரிகிறது. மனசில்தான் ஏறவில்லை.

18.1.1989

மனசு நிலையில்லை. பேசாமல் வக்கீலுக்கே போட்டுவிடலாம். இவர் மறுபடி உள்ளே போனால் நிலத்தை யார் பார்ப்பது, நான் எப்படி மலையில் இருப்பது?

அப்படியானால் தைலம்மாளை யார் எண்ணுவது?

21.1.1989

ஓட்டு போட்டேன்.

ரப்பர் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன் போலிருக்கிறது. "இன்னாம்மா, முடிஞ்சுதா?" என்று அதிகாரி குரல் கொடுத்தார். வக்கீலின் சின்னத்துக்கு மேல்தான் கை போனது. ஆனால் குத்தியது குடையில். மடிக்கும்போது மை பரவிவிடுமோ என்று ஊதிக்கொண்டே நின்றேன்.

வெளியே இவர் வெயிலில் நின்று சிரித்தார். நானும் சிரித்தேன். சே.

23.1.1989

பச்சமுத்து ஜெயித்துவிட்டார். வக்கீல் தோற்றது வெறும் நூற்றுச் சொச்ச ஓட்டில். குடைக்கு ஆயிரத்துக்கு மேல் விழுந்திருக்கிறது, அத்தனையும் மலை ஓட்டாம். மலைக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று ஊரே பேசுகிறது.

இவர் சாப்பிடவில்லை. "நம்ம வூட்டு ரெண்டு ஓட்டும் சரியா வுழுந்துச்சு. அதுக்கு மேல நாம இன்னா பண்ண முடியும்?" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"ஒண்ணுதாங்க விழுந்துச்சு."

நிமிர்ந்து பார்த்தார். "குடைக்கா?"

"ஆமாங்க."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "சங்கத்தை வுட்டேன், மானத்தை வுட்டேன், என்னைப் பாத்துச் சிரிச்சவன் பின்னாடியே கொடி புடிச்சிக்கினு சுத்தனேன். எதுக்கு? மறுபடி ஜெயிலுக்குப் போவாம உன்கூட இருக்கணும்னு. நீ ஒரு ஓட்டு எனக்காவப் போடக்கூடாதா நிர்மலா?"

என் ஒரு ஓட்டால் வக்கீல் தோற்கவில்லை. அது இவருக்கும் தெரியும். ஆனால் இவர் கேட்டது அதுவா?

24.1.1989

விடிந்ததும் முதல் பஸ்ஸில் மலை ஏறிவிட்டேன். ஓடி வந்தேன் என்றும் சொல்லலாம்.

2.4.1989, ஊர்

மிகவும் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு இருபது சதவீத இட ஒதுக்கீடாம். ஊரில் சிலர் வெடி போட்டார்கள். "நாம கேட்டது நம்ம சாதிக்குத் தனியா. இது நூறு சாதிக்கு மேல பங்கு. கெடைச்ச வரைக்கும் லாபம்னு வாங்கிக்கினு போவச் சொல்றாங்க" என்றார் இவர். என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அவராகப் பேசிய முதல் பேச்சு இது.

17.5.1989, வெள்ளிமலை

நம்பவே முடியவில்லை. எம்.எல்.ஏ. பச்சமுத்து மலைக்கு வந்தார். இதுவரை ஓட்டு கேட்கக்கூட எவரும் வெள்ளிமலையைத் தாண்டியதில்லை. அவர் உள் கிராமங்களுக்கும் போனார். வேடியப்பன் தோளில் கை போட்டுக்கொண்டு, "ஆயிரம் ஓட்டு வச்சிக்கினு இங்க ஒளிஞ்சிக்கினு இருக்கீங்களே!" என்றார். அடுத்த தேர்தலுக்கு அந்த ஓட்டு வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஜீப் தருகிறேன் என்றார்.

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஜீப் வேண்டும் என்றும் இருந்தது.

9.7.1989

ஜீப் வந்துவிட்டது. இரண்டு கதவிலும் பச்சமுத்து பெயர், கொட்டை எழுத்தில். வேடியப்பன் அதைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு ஒதுங்கிப்போய் அழுதார்.

அதே வாரம் ஊரில் என் கணவருக்குக் கோர்ட்டிலிருந்து சம்மனும் வந்தது.

22.8.1989, கள்ளக்குறிச்சி

இன்று இவர் வழக்கு விசாரணை. கூட இருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். விடியும்போது மலையில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே. அவளை ஜீப்பில் ஏற்றி மலை இறங்கினோம். வளைவுக்கு வளைவு என் கையை நசுக்கிக்கொண்டே வந்தாள். கோர்ட்டைத் தாண்டும்போது வாசலில் இவரைத் தேடினேன். கூட்டத்தில் தெரியவில்லை.

ஆபரேஷன் செய்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

சாயங்காலம் இவரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஜீப் போனதைப் பார்த்திருக்கிறார். "கொழந்த இன்னா?"

"பொண்ணு. கேசு?"

"மில்லு ஆளுங்க ரெண்டு பேரும் சாட்சி சொல்லிட்டானுங்க. உள்ள போட்ருவாங்க போலக்குது." பிறகு, "சங்கத்துல புதுசா கட்சி ஆரம்பிச்சிட்டாங்க, தெரியும்ல? நான் சேந்துட்டேன். வர்ற எலக்ஷன்ல எங்கயும் ஜெயிக்காது" என்றார். வேடியப்பன் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது.

இருட்டுவதற்குள் மலை ஏற வேண்டும் என்று டிரைவர் அவசரப்படுத்தினார். ஜீப் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். "ஏறுங்க, வூட்டுல விட்டுடறோம்" என்றேன்.

கதவில் இருந்த பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார். "நான் பஸ்ஸுல வரேன். நீ போ, அங்க ஆளு இல்லாம இருக்கும்" என்றார்.

ஏறி உட்கார்ந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. அந்தப் பெயரின் மேலேயே கை வைத்து அழுத்தி அவர்தான் சாத்தினார்.